மாட்டுக்காரன் மகன் நின்ற கரை

அர்னியா மதுச்சாடியின் களிமண் மூடியைத் தட்டி உடைத்துக்கொண்டிருந்தபோது சரக்கறை வாசலில் வெளிச்சம் மறைந்தது. அவள் திரும்பாமலே ஆளைத் தெரிந்துகொண்டாள். இடது காலை இழுத்து வைத்து வலது காலை ஊன்றும் நடை அந்த வீட்டில் ஒருவருக்குத்தான் உண்டு. ஆனால் லியோக்ரேஸ் சரக்கறைக்கு வந்ததே கிடையாது. ஆண்கள் யாரும் வருவதில்லை. அவனுடைய தகப்பன் திமாண்ட்ரோஸ், அந்தக் கடற்கரைக்கே தலைவர், அவர்கூட வெளியே நின்று பேரைச் சொல்லிக் கூப்பிடுவாரே தவிர படியைத் தாண்டமாட்டார். சாவி அவள் இடுப்பில் ஏறிய நாளிலிருந்து அது அப்படித்தான்.

"அர்னியாம்மா, உள்ள வரலாமா?"

"வந்து நின்னுட்டுக் கேக்குறீங்களே தம்பி. தலையைக் குனிஞ்சு வாங்க, உத்தரம் இடிக்கும்."

அவன் வந்து எண்ணெய்ச் சாடிகளுக்கு நடுவில் கவிழ்த்துப் போட்டிருந்த கூடையின் மேல் உட்கார்ந்தான். அது சரியில்லை என்று அவளுக்குத் தோன்றியது. வீட்டு வாரிசு கூடையில் உட்காருவதாவது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டுக் கைகளைத் துடைத்துக்கொண்டாள்.

"லாம்ப்ரோஸ் வீட்டுக் கல்யாணத்துல பாட்டு கேட்டேன்" என்றான். "நம்ம போர்ப் பாட்டுதான். எவாந்தெஸ்னு ஒரு பாட்டுக்காரன். நல்லாப் பாடுறான். ஆத்தங்கரை வந்துச்சு. நான் தேர்லேர்ந்து விழுந்தது, கால்ல ஈட்டி பாஞ்சது, எல்லாம் நடந்தபடியே பாடினான். என் மேல கேடயத்தைப் பிடிச்சு நின்னவன் பேரை மட்டும் மாத்திட்டான்."

அர்னியா கை துடைத்த துணியைக் கீழே வைத்தாள்.

"ஏகியோன்னு பாடினான். லாம்ப்ரோசோட தங்கச்சி மகன்."

"அந்தப் பையன் கூடாரத்துல காய்ச்சல்ல செத்தான்னு நீங்கதானே சொன்னீங்க."

"ஆமா. அவனுக்குத் தண்ணி குடுத்ததே நம்ம போட்ரிஸ்தான்."

போட்ரிஸ் என்றால் அவர்கள் பேச்சில் திராட்சைக் குலை. அறுவடை நாளில், கொடிகளுக்கு நடுவிலேயே பிறந்ததால் அர்னியா தன் மகனுக்கு வைத்த பேர். லியோக்ரேசோடு ஒரே முற்றத்தில் உருண்டு, ஒரே நாய்க்கடிக்கு மருந்து போட்டுக்கொண்டு வளர்ந்தவன். அவனுக்குத் தேரோட்டியாகப் போனான், திரும்பவில்லை. படை பின்வாங்கிய அன்று மற்றவர்களெல்லாம் ஆற்றைக் கடந்துவிட்டார்கள். அவன் ஒருத்தன் மட்டும் இந்தக் கரையில், விழுந்து கிடந்த எசமான் மகன் மேல் கேடயத்தைக் கவித்து, உதவி வரும்வரை நின்றான். உதவி வந்தபோது லியோக்ரேசுக்கு உயிர் இருந்தது. போட்ரிசை அந்தக் கரையிலேயே எரித்து மேடு கட்டி, மேட்டின் மேல் அடையாளத்துக்கு ஒரு துடுப்பை நட்டுவிட்டு வந்தார்கள். கப்பல் ஏறிப் போய் அதைப் பார்க்கும் நிலையில் அர்னியா இல்லை. அவளுக்கு மிஞ்சியது அந்த நிற்பு ஒன்றுதான். ஊர் ஊராகப் பாட்டு போகும்போது அந்த நிற்பும் போகும் என்று நம்பியிருந்தாள்.

"நீங்க என்ன சொன்னீங்க தம்பி?"

அவன் தன் காலைப் பார்த்தான். "என்னத்தைச் சொல்றது? லாம்ப்ரோஸ் வீட்ல விருந்தாளி நான். அவர் ரொட்டியைத் தின்னுட்டு, அவர் கூடத்துலயே உக்காந்துக்கிட்டு, உங்க பாட்டு பொய்யின்னு எப்படிச் சொல்லுவேன்? நாளைக்குக் கடல்சாமி பொசைடன் பலிக்கு அவரு இங்க வர்றாரு, பாட்டுக்காரனையும் கூட்டிக்கிட்டு. நம்ம வீட்ல வெச்சுச் சொல்லலாம்னு பாத்தா, அப்ப அவரு நமக்கு விருந்தாளி. விருந்தாளியை அவமானப்படுத்தின வீட்ல எந்தத் தெய்வம் நிக்கும்? அங்கயும் அவரு தப்பிச்சாரு, இங்கயும் தப்பிச்சுக்கிட்டாரு."

"பாட்டுக்காரன்?"

"அவனைத் தனியாப் பிடிச்சுக் கேட்டேன். 'யாரோட மகன்னு சொல்லாம ஒருத்தன் பேரைக் கூடத்துல வைக்க முடியாது ஐயா, நின்ன பையனுக்கு அப்பன் பேரு கிடையாதாமே'ன்னான்."

அர்னியா உடைந்த களிமண் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டாள். பிறகுதான் தலையை நிமிர்த்தினாள்.

"கிடையாதுன்னு அவனுக்கு யாரு சொன்னது?"

அன்று சாயங்காலம் பெரியவர் அவளைக் கூடத்துக்குக் கூப்பிட்டனுப்பினார். மகன் போய்ச் சொல்லியிருக்கிறான் என்று புரிந்தது. அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போனாள். திமாண்ட்ரோஸ் அடுப்பங்குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். முக்கியமான பேச்சு எதையும் அவர் உட்கார்ந்து பேசியதில்லை. எழுபதைத் தாண்டியும் முதுகு வளையாத மனிதர். அவர் தாடி புகையில் மஞ்சள் பாரித்திருந்தது.

"உன் மகனால என் மகன் இருக்கான்" என்றார். "அதை நான் மறந்தவன் இல்லை."

"தெரியும் ஐயா."

"பேர் இல்லைன்னுதானே பாட்டுக்காரன் சொல்றான். என் பேரைத் தர்றேன். திமாண்ட்ரோஸ் மகன் போட்ரிஸ். நாளைக்குக் கூடத்துல எல்லார் முன்னாடியும் நானே சொல்றேன். எட்டுத் தலைமுறையா இந்தப் பேரைக் கேட்டு வாங்கினவன் கிடையாது. யாருக்கும் குடுத்ததும் கிடையாது."

சொல்லிவிட்டு அவள் காலில் விழுவாள் என்று காத்திருந்தார். விழத்தான் வேண்டும். அந்தக் கடற்கரையில் ஓர் அடிமைப் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய கொடை எவரும் கொடுத்ததில்லை. அவர் பொய் மனிதர் இல்லை, முழு மனதோடுதான் கொடுத்தார் என்பதும் அர்னியாவுக்குத் தெரியும். நெஞ்சு ஒரு கணம் அந்தப் பக்கம் சாயத்தான் செய்தது. திமாண்ட்ரோஸ் மகன் போட்ரிஸ். எந்தக் கூடத்துக்கும் நிமிர்ந்து நுழையக்கூடிய பேர்.

பிறகு எசமானியம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. சிறுமியாக இருந்த அர்னியாவைச் சீதனத்தோடு இந்த வீட்டுக்கு அழைத்து வந்தவள். சாகும்போது சாவிக்கொத்தை வேறு யார் கையிலும் கொடுக்காமல் இவள் கையில் வைத்து மூடியவள்.

"வேணாம் ஐயா" என்றாள்.

அவர் காதில் விழாததுபோல் நின்றார். "என்ன வேணாம்?"

"உங்க பேரு."

"என் பேர் உனக்குக் கேவலமாப் போச்சா?"

"உங்க பேரு பெருசு ஐயா. பெருசுங்கிறதாலதான் கேக்குறவன் ஒவ்வொருத்தனும், அது இந்தப் பையனுக்கு எப்படி வந்துச்சுன்னு யோசிப்பான். ஒரே வழியிலதான் வரும்னு நெனைச்சுச் சிரிப்பான். செத்துப்போன எசமானியம்மாவை எந்த ஊர்ப் பாட்டுலயும் அந்தச் சிரிப்புக்கு நடுவுல நிறுத்த நான் விடமாட்டேன். என்னையும் நிறுத்த விடமாட்டேன். நான் தோல்மோசோட பொண்டாட்டி. உங்க எருதை ஓட்டினானே, அந்தத் தோல்மோஸ். என் பையனுக்கு அப்பன் அவன்தான். அவன் பேரைப் பாடச் சொல்லுங்க."

"மாட்டுக்காரன் பேரையா? ராஜாக்களுக்கு நடுவுலயா? என் கூடத்துலயா?"

"உங்க நெலத்தைத்தானே உழுதான்."

"அர்னியா!" அவர் குரல் தூண்களில் மோதித் திரும்பியது. "கைநீட்டிக் குடுத்ததை வேணாம்னுட்டே. அப்போ எந்தப் பேரும் இல்லை. போ."

அவள் போனாள். நடந்துதான் போனாள். கூடத்தைத் தாண்டிய பிறகே சுவரில் கை வைத்தாள். கையில் வந்த பேரைத் தானே தட்டிவிட்டோம், பிள்ளையை இரண்டாம் தடவை சாகக் கொடுத்துவிட்டோமோ என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. வந்ததை அடக்கிக்கொண்டு மறுநாள் விருந்துக்கு மாவு போதுமா என்று பார்க்கப் போனாள்.

மறுநாள் காலையிலேயே கடற்கரையில் கறுப்பு எருதுகள் பலியாயின. தெய்வத்துக்குத் தொடை எலும்புகளைக் கொழுப்பில் சுற்றி எரித்த புகை கடலைப் பார்த்து நேராகப் போனது. நல்ல சகுனம் என்று எல்லோரும் சொன்னார்கள். உச்சிவெயில் சாய்ந்ததும் கூடத்தில் பலகைகள் போட்டு விருந்து தொடங்கியது. லாம்ப்ரோசுக்கு முதல் இருக்கை. பருமனான, சிரித்த முகமுள்ள மனிதர். ஆனால் தங்கை மகன் செத்ததிலிருந்து அவர் தலைமுடியை வளரவிடவில்லை. எருதின் முதுகுக் கறியில் நீளமான துண்டை, வீட்டு வழக்கப்படி தலைமை விருந்தாளிக்கென்று, திமாண்ட்ரோசே அறுத்து அவர் முன் வைத்தார். அர்னியா பக்கம் பெரியவர் திரும்பவே இல்லை. அவளும் ரொட்டிக் கூடை, மதுக்குடம் என்று தன் வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. கோபத்திலிருக்கும் வீட்டில் பரிமாறுவது இன்னும் திருத்தமாக இருக்கவேண்டும் என்பது அவள் கொள்கை.

எவாந்தெஸ் தூணோரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தான். நாற்பது வயது, எண்ணெய் தடவிய தாடி, மோதிரம். யாழைத் தொட்டதும் அந்த அலங்காரமெல்லாம் மறந்துபோயிற்று. கப்பல்கள் புறப்பட்டன, காற்று மாறியது, முற்றுகை தொடங்கியது. கறியைக் கடித்தவர்கள் மெல்லாமல் வாயில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். படை பின்வாங்கியது. குதிரைகள் சேற்றில் சறுக்கின. லியோக்ரேஸ் தேரிலிருந்து விழுந்தான். அங்கே எவாந்தெஸ் பாட்டை நிறுத்தித் தொண்டையை நனைக்கக் கிண்ணத்தை நீட்டினான். எந்தக் கூடத்திலும் அந்த இடத்தில்தான் அவன் நிறுத்துவான். கேட்பவர்கள் தவித்துப்போவார்கள்.

அர்னியா குடத்தோடு அவனிடம் போனாள். லியோக்ரேஸ் கைகள் இரண்டையும் பலகையின் மேல் வைத்து விரல்களை இறுக்கிக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். அவன் பேச முடியாது, விருந்து கொடுப்பவனின் மகன். பெரியவர் பேச முடியாது, விருந்து கொடுப்பவர். மற்ற எல்லோரும் விருந்தாளிகள். அந்தக் கூடத்தில் விருந்து கொடுக்காத, விருந்து உண்ணாத வாய் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்த வாய் திறந்தால், அடுத்த கப்பலில் ஏற்றி முன்பின் தெரியாத கரையில் விற்றுவிடுவார்கள். பணிப்பெண்களுக்கு அதுதான் அங்கே தண்டனை.

கிண்ணத்தை நிறைத்தாள். ஒரு துளி சிந்தவில்லை.

"பாட்டுக்கார ஐயா, அடுத்து அந்தக் கரையில ஒருத்தன் நிக்கப் போறான். அவன் என் மகன்."

எவாந்தெஸ் கிண்ணத்தை வாயருகே வைத்தபடி லாம்ப்ரோசைப் பார்த்தான்.

"யாருடா இது?" என்றார் லாம்ப்ரோஸ். சிரித்தபடிதான் கேட்டார். "திமாண்ட்ரோஸ், உன் வீட்ல குடம்கூடப் பேசுதே!"

சிலர் சிரித்தார்கள். கோடியில் உட்கார்ந்திருந்த ஓர் இளவட்டம், "யாரோட மகனாம் அந்த மகன்?" என்று கத்தினான்.

"மாட்டுக்காரன் தோல்மோஸ் மகன், போட்ரிஸ்."

இப்போது சிரிப்பு பலமாகவே எழுந்தது. "அப்ப அந்த எருதுங்களுக்கும் பேர் இருக்குமே, அதையும் சேத்துப் பாடச் சொல்லு!" என்றான் அதே இளவட்டம்.

"இருந்துச்சு ஐயா" என்றாள் அர்னியா. "ரெண்டுக்கும் பேர் இருந்துச்சு. கூப்பிட்டா திரும்பிப் பாக்கும். அடுத்தவன் அப்பன் பேரைக் கேட்டுச் சிரிக்கிற பழக்கம் மட்டும் அதுங்களுக்குக் கிடையாது."

சிரிப்பு அவன் பக்கம் திரும்பிவிட்டது. அவன் காதுவரை சிவந்து கிண்ணத்துக்குள் முகத்தை விட்டுக்கொண்டான். லாம்ப்ரோஸ் சிரிக்கவில்லை. பலகையில் கையூன்றிப் பாதி எழுந்திருந்தார்.

"நின்னது என் தங்கச்சி மகன். ஊரெல்லாம் பாடியாச்சு. பொய்யின்னு சொல்றியா?"

காய்ச்சல் என்ற சொல் அர்னியாவின் நாக்கு நுனிவரை வந்தது. கூடாரம், வாளி, நனைந்த துணி, எல்லாம் அவளுக்குத் தெரியும். அதைச் சொன்னால் அவர் அந்த இடத்திலேயே விழுந்துவிடுவார். அவருடைய தங்கை, எங்கேயோ ஒரு வீட்டில், தலைவாராமல் உட்கார்ந்திருப்பாள். அவளும் ஒரு தாய். தவிரவும் அவர் இந்த வீட்டு விருந்தாளி, இந்த வீட்டுக் கறியை உண்டவர். சொல்லை விழுங்கினாள்.

"உங்க பையனைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை ஐயா. நல்ல பையன்னுதான் கேள்வி. அவனுக்கு அவன் சாவு இருக்கு. இது என் மகனோட சாவு. அவனுக்குச் சொந்தம்னு இருந்தது அது ஒண்ணுதான். அதை நான் யாருக்கும் குடுக்கமாட்டேன்."

லாம்ப்ரோஸ் அவள் கண்களையே பார்த்தார். தெரிந்திருந்தும் சொல்லவில்லை என்பது அவருக்கு விளங்கியது. முகத்தில் சிரிப்பு இருந்த இடமெல்லாம் காலியானது. மெல்ல உட்கார்ந்தார்.

லியோக்ரேஸ் எழுந்தான். எல்லோரும் பார்க்க உடையை விலக்கித் தொடையின் வடுவைக் காட்டினான். "யாரும் என்னைக் கேக்கலை. என் வீட்டு அம்மா கேட்டாங்க, அதனால அவங்களுக்குச் சொல்றேன். போட்ரிஸ் நின்னான்" என்றான். சொல்லிவிட்டு உடையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தான்.

இனி எல்லாம் பெரியவர் கையில். தலைகள் ஒவ்வொன்றாக அவர் பக்கம் திரும்பின. அர்னியா குடத்தை இடுப்பில் அணைத்து, கப்பலுக்குத் தயாராக நின்றாள். திமாண்ட்ரோஸ் கைத்தடியை ஊன்றி எழுந்தார். நேற்று அவளைப் போகச் சொன்ன அதே குரல்தான், ஆனால் இப்போது அது வேறு பக்கம் போனது.

"எவாந்தெஸ். இந்தக் கூடத்துல இருக்குற ரொட்டியெல்லாம் தோல்மோஸ் உழுத நெலத்துல வெளைஞ்சது. அவன் வெளைச்சதைத் தின்ன வாய்க்கு அவன் பேரைக் கேக்க என்ன கேடு? நேத்து இந்த அம்மாவுக்கு என் பேரைத் தர்றேன்னேன். அதைவிட நல்ல பேரு அவங்ககிட்ட இருக்குன்னாங்க. எனக்குக் கோபம் வந்துச்சு." ஒரு மூச்சு நிறுத்தினார். "விடிய விடிய யோசிச்சேன். என் மகன் மேல கேடயம் பிடிச்சவனைப் பெத்தவன் நான் இல்லை. பெத்தவன் பேரைச் சொல்லிப் பாடு."

லாம்ப்ரோஸ் தலைகுனிந்தபடி கையை மட்டும் அசைத்தார். பாடட்டும் என்பதுபோல் இருந்தது.

எவாந்தெஸ் யாழை மடியில் திருப்பி வைத்து ஒரு நரம்பை முறுக்கினான். கண்ணை மூடினான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பாட்டுக்காரர்களுக்கும் பெருமை உண்டு. எடுத்த அடியைத் திருத்துவது அவர்களுக்குப் பல்லைப் பிடுங்குவது மாதிரி. ஆனால் அவன் கெட்ட பாட்டுக்காரன் இல்லை. விரல் நரம்பில் விழுந்தபோது முன்னைவிடக் கனமாக விழுந்தது.

"தோல்மோஸ் மகன் போட்ரிஸ் நின்றான்" என்று தொடங்கினான். மழை நாளில் உழவு நடுவே எருது சேற்றில் குளம்பை ஊன்றிவிட்டால், உழவன் அதட்டுவான், தட்டுவான், இடி இடிக்கும், அது அசையாது, ஏனென்றால் அதன் காலடியில் கன்று ஒன்று விழுந்து கிடக்கிறது, அப்படி நின்றான் என்று பாடினான். ஈட்டிகள் வந்ததைப் பாடினான். கேடயத்தின் தோல் அடுக்கடுக்காகக் கிழிந்ததைப் பாடினான். அக்கரையிலிருந்து அரசர்கள் வாடா என்று கூப்பிட்டதையும், மாட்டுக்காரன் மகன் திரும்பிக்கூடப் பார்க்காததையும் பாடினான். ஒவ்வொரு தடவையும் நின்றான் என்ற அடிக்கு வரும்போது தோல்மோஸ் மகன் என்ற பேர் உத்தரத்தில் மோதி, தூண்களில் இறங்கி, உட்கார்ந்திருந்த பெரிய பேர்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்தது. யாரும் நகரச் சொல்லவில்லை.

கதவுகளில் ஆள் நிறைந்துவிட்டார்கள். திருகை அரைக்கும் பெண்கள், குதிரைக்காரர்கள், அடுப்படியிலிருந்து கையில் கறிக்கம்பியோடு ஓடி வந்தவன். கூடத்துக்குள் கால் வைக்க அவர்களுக்கு அனுமதி இல்லை. வாசற்படியில் நின்றபடியே காலால் தட்டினார்கள். முதலில் மெதுவாக, பிறகு வீடு அதிர. பெரியவர் அவர்களைத் திரும்பிப் பார்த்தார். அதட்டுவார் என்று அவர்கள் நிறுத்தினார்கள். அவர் தன் தடியைத் தூக்கித் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். மறுபடி அதிர்ந்தது.

அர்னியா அழவில்லை. கூடத்தில் அழுவது அவள் வேலை இல்லை. குடத்தோடு வரிசையாக வந்துகொண்டிருந்தாள். லாம்ப்ரோசின் முன் வந்தபோது அவர் கிண்ணம் காலியாக இருந்தது. அவர் அதை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தார். அடிமைப் பெண்ணிடம் எந்தத் தலைவனும் அப்படிப் பிடிப்பதில்லை.

"என் தங்கச்சிகிட்ட இனி நான் என்னம்மா சொல்லுவேன்?" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"தாகத்தோட சாகலைன்னு சொல்லுங்க ஐயா. அது நெசம்." விளிம்புவரை நிறைத்துவிட்டு அடுத்தவரிடம் போனாள்.

மறுநாள் காலை பாட்டுக்காரன் தீவுகளுக்குப் போகும் கப்பலில் ஏறிப் போனான். அர்னியா விருந்துப் பாத்திரங்களை எடுத்து வைத்துவிட்டு மாவறைப் பக்கம் வந்தாள். உள்ளே பெண்கள் திருகை சுற்றிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தார்கள். கல் ஒரு சுற்று வரும்போது தோல்மோஸ் மகன், மறுசுற்றுக்குப் போட்ரிஸ். ஒரே இரவில் பாட்டைத் தங்களுக்குத் தகுந்தபடி மாற்றியிருந்தார்கள். தோல்மோஸ் எருது ஓட்டிய தார்க்கோலுக்குப் பொன்னில் பிடி போட்டாகிவிட்டது. போட்ரிசுக்கு மார்பு வரை தாடி வந்துவிட்டது. போருக்குப் போனபோது அவனுக்கு மேலுதட்டில்கூட இன்னும் சரியாக முளைத்திருக்கவில்லை. எருதுகள் இரண்டும் கடலில் நீந்தி அவனைத் தேடிப் போயிருந்தன.

அப்படி இல்லை என்று சொல்ல அர்னியா வாயைத் திறந்தாள். ஒரு பெண் அவளைக் கண்டு பாட்டை நிறுத்தினாள்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறே? கல்லைச் சுத்து" என்றாள் அர்னியா, வழக்கமான கண்டிப்போடு.

கல் சுற்றியது. பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. இடுப்பில் கை வைத்து, முதுகை நிமிர்த்தி, அவள் வாசலிலேயே நின்றாள். ஒவ்வொரு பேருக்கும் கல்லின் விளிம்பிலிருந்து மாவு வெள்ளையாக உதிர்ந்து, சன்னல் வழி வந்த வெயிலில் எழும்பி, அறை முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது.